மூன்று பூ தரிசு

பேசி முடித்ததும் அவள் எழுந்துவிட மாட்டாள். நோட்டை மடியில் வைத்துப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, "எழுதினத வாசிக்கேன், செரியான்னு சொல்லுங்க" என்பாள். எதிரே இருப்பவர் அலுத்துக்கொண்டாலும் விட மாட்டாள். முதல் வரியிலிருந்து வாசிப்பாள். சொன்னவர் எந்தச் சொல்லைச் சொன்னாரோ அதே சொல் அதில் இருக்கும். நடுவில் அவர் 'அது அப்படியில்லை' என்றால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே திருத்தி எழுதுவாள். பென்சிலால் எழுதினால் என்ன, அழிக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். முதலில் என்ன சொன்னார்கள் என்பதும் தெரிய வேண்டும் சார் என்றாள்.

அவள் பெயரை இங்கே நான் எழுதவில்லை. எழுதலாமா என்று அவளிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்கும் முகம் எனக்கு இல்லை.

அவள் முதன்முதலில் என் வீட்டுக்கு வந்து பத்து வருடம் இருக்கும். சென்னையில் நகரமைப்பில் முதுநிலைப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எம்.பிளான், இரண்டாம் வருடம். நான் நகரமைப்பு அலுவலகம் ஒன்றில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று நாகர்கோவிலில் இருக்கிறேன். பழைய கால்வாய் வரைபடங்கள் என்னிடம் உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நகரம் கிழக்கே அஞ்சுகிராமம் பக்கமாக நீண்டுகொண்டே போகிறதே, அந்த வழியில் இருக்கும் கடைவரம்பு வயல்களின் கதி என்ன என்பதுதான் அவள் ஆய்வேடு. கடைவரம்பு என்றால் கால்வாயின் வால். அணையைத் திறந்தால் எல்லா வயலும் குடித்து மிஞ்சிய தண்ணீர்தான் அங்கே போகும். மிஞ்சாத வருடமும் உண்டு.

முதல் நாளே எனக்கு ஒரு அடி விழுந்தது. என் பணிக்காலத்தைப் பற்றிக் கேட்டாள். நான் இருந்தவரை கால்வாய்க் கரையில் ஒரு வீட்டுக்குக்கூட அனுமதி கொடுத்ததில்லை என்று சொன்னேன். வழக்கமாகச் சொல்லும் பேச்சுதான். அவள் எழுதிக்கொண்டாள். கடைசியில் அதையே எனக்கு வாசித்துக் காட்டினாள். என் சொந்த வாக்கியம் இன்னொருவர் வாயிலிருந்து, அவசரமில்லாமல், திரும்பி வந்தபோது கேட்கச் சகிக்கவில்லை.

"ஒண்ணு ரெண்டு இருந்திருக்கும்" என்றேன்.

அடித்துவிட்டு எழுதினாள். பிறகு நிமிர்ந்து, "ஒண்ணா சார், ரெண்டா?" என்றாள்.

"ஏழெட்டு இருக்கும்" என்றேன். அடுக்களை வாசலில் நின்ற என் மனைவி சிரித்துவிட்டாள்.

என் மனைவிக்கு அன்றே அவளைப் பிடித்துப்போயிற்று. அடுத்த தடவை வந்தபோது நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதையும் எழுதி வாசித்துக் காட்டினாள். "இந்த மனுஷன் நாப்பது வருசத்துல ஒருக்காவாவது நாஞ் சொன்னதத் திருப்பிச் சொல்லியிருப்பாரா, கேளு" என்றாள் மனைவி. நான் பேப்பரைப் படிப்பதுபோல் இருந்தேன்.

அவள் கடற்கரை ஊர்க்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா அலுமினியச் சருவத்தில் மீன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, இந்தக் கடைவரம்பு ஊர்களில் வீடு வீடாகப் போய் விற்பவர். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் அம்மாவோடு நடந்து நடந்து அவளுக்கு அங்கே எல்லா வீடும் தெரியும். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் வாங்க மாட்டார்கள், எந்த வீட்டில் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் தெரியும். ஆய்வுக்கு என்று போகிறவர்கள் கேள்வித்தாளோடு வாசலில் நிற்பார்கள். இவள் நேரே பின்பக்கம் போய், அம்மியடியில் உட்கார்ந்து கேட்பாள்.

ஒருநாள் அவளோடு நானும் போனேன். ஆனி மாதம். அணை திறந்து இருபது நாளாகியும் அந்தப் பக்கம் தண்ணீர் வந்திருக்கவில்லை. வரப்பில் நின்ற ஒரு முதியவர் அவளைத் தூரத்திலேயே கண்டுகொண்டார்.

"ஏட்டி, மீனு எங்க? நோட்ட கொண்டுட்டு வாற?"

"மீனு அம்ம கொண்டு வருவா, பாட்டா. நீங்க சொல்லுங்க. இதுல கடைசியா எப்ப வெதச்சிய?"

"மூணு பூவா இல்ல, மக்கா. வெள்ளம் எட்டல்ல."

நாஞ்சில் நாட்டில் வருடத்துக்கு இரண்டு போகம். கன்னிப்பூ ஒன்று, கும்பப்பூ ஒன்று. விவசாயி காலத்தை வருடத்தால் எண்ணுவதில்லை. இந்தப் பூ, போன பூ, அதற்கு முந்தின பூ என்றுதான் எண்ணுவான். மூன்று பூ தரிசு என்றால் ஒன்றரை வருடம் விதைக்கவில்லை என்று அர்த்தம். வெள்ளம் என்றால் வயலுக்கு வரும் தண்ணீர். பூதப்பாண்டியில் வயல்காரர் வீட்டில் பிறந்த எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் வாசித்துக் காட்டினாள். மூன்று பூவாகத் தரிசு, வெள்ளம் எட்டவில்லை, வெள்ளம் வந்தால் விதைப்பேன். முதியவர் யோசித்தார். "வெதைப்பேன்னு மட்டும் போட்டா எப்பமோன்னு நெனச்சிருவான். வெள்ளம் வந்த அன்னைக்கே வெதைப்பேன்னு போடு" என்றார். அவள் அடித்துவிட்டு அப்படியே எழுதினாள். அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது. எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோன எந்த மனுதாரர் முகத்திலும் நான் அதைப் பார்த்ததில்லை.

அந்த வயல்களை வரைபடத்தில் காட்டும்போது அவளுக்கும் சென்னைப் பேராசிரியருக்கும் தகராறு வந்தது. நகரமைப்பு வரைபடத்தில் குடியிருப்புக்கு மஞ்சள், விவசாயத்துக்குப் பச்சை. பயிரில்லாமல் கிடப்பது 'காலி நிலம்' என்ற வகையில் போகும். பேராசிரியர் அப்படித்தான் போடச் சொன்னார். இவள் கேட்கவில்லை. "ஆளும் பேரும் உள்ள வயலு எப்பிடி சார் காலியாவும்?" என்று என்னிடம் வந்து கேட்டாள். அது உலக வழக்கம் அம்மா, பட்டம் வாங்கிவிட்டு அப்புறம் சண்டை போடு என்றேன். அவள் பச்சையின் மேல் மெல்லிய கோடுகள் இழுத்து, ஓரத்தில் 'தண்ணீருக்குக் காத்திருக்கும் வயல்' என்று எழுதி அனுப்பினாள். மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நான்காவது தடவை சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு இரண்டு வருடம் என்னைத் தேடி யாரும் வரவில்லை. அதிகாரியாக இருந்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அப்போது மனைப்பிரிவு போடும் ஒரு நிறுவனத்தார் வந்து ஆலோசகராக இருக்கச் சொன்னார்கள். ஓர் அறை, பெயர்ப் பலகை, காலையில் வாசலுக்கு வரும் கார். போனதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். அது போதுமாக இருந்தது எனக்கு. அவர்கள் அஞ்சுகிராமம் பக்கம் நிலம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயலை மனையாக்குவது சுலபமில்லை. ஆனால் தொடர்ந்து மூன்று வருடம் தரிசாகக் கிடந்தது என்று நம்பும்படி ஓர் ஆதாரம் இருந்தால் கோப்பு நகரும். அப்படி ஏதாவது கிடைக்குமா சார் என்று அதன் உரிமையாளர் என்னிடம் கேட்டிருந்தார். பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் தன் அட்டவணையைக் கொண்டுவந்தாள். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள். வயல், உரிமையாளர், கடைசியாக விதைத்தது, எத்தனை பூ தரிசு. இதை ஆங்கிலத்தில் பின்னிணைப்பாகக் கேட்கிறார்கள், என் ஆங்கிலத்தில் எனக்கு நம்பிக்கையில்லை, நீங்கள் எழுதினால் பிழையில்லாமல் இருக்கும் என்றாள். ஒரு வாரம் வைத்துக்கொண்டேன். எண்களில் நான் கை வைக்கவில்லை. மூன்று மூன்றாகவே இருந்தது, நான்கு நான்காகவே இருந்தது. அட்டவணையின் கடைசிப் பத்தித் தலைப்பில் மட்டும் பூ என்பதற்குப் பதிலாக ஆண்டு என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

சென்னையில் ஆய்வேட்டை மதிப்பிடுகிறவர்களுக்குப் பூ என்றால் புரியாது என்று அப்போது எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அடியில் ஒரு குறிப்பு எழுதியிருந்தால் புரிந்திருக்கும். எழுதும்போது அந்த நிறுவனத்தை நினைத்தாயா என்று கேட்டால், நினைத்தேன்.

அச்செடுத்து அவள் கையில் கொடுத்தேன். வழக்கம்போல் மடியில் வைத்துக்கொண்டு, "வாசிக்கட்டா சார்?" என்றாள்.

"நான் எழுதினத எனக்கே வாசிச்சுக் காட்டப் போறியா?" என்றேன்.

அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்று என் மனைவி கொடுத்த பலாப்பழத்தைத் தின்றுவிட்டு, கைகழுவி, பஸ்ஸுக்கு ஓடினாள். அவள் வாசித்துக் காட்டாமல் போனது அந்த ஒருநாள்தான்.

அட்டவணையின் இன்னொரு பிரதி என் கணினியில் இருந்தது. அது நிறுவனத்துக்குப் போயிற்று. பல்கலைக்கழக மாணவி நேரில் கேட்டுத் தயாரித்த ஆய்வு என்று அவள் பெயரோடு கோப்பில் சேர்ந்தது. அனுமதி வந்தது. விற்றவர்களில் சிலருக்குச் சந்தோஷம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மனைகளுக்காக ஒரு சாலையை மண்ணடித்து உயர்த்தினார்கள். சாலைக்கு அடியில் போன வாய்க்கால் அடைபட்டது. விற்காதவர்களின் வயல்கள் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தன. நிலமே தரிசு என்று கோப்பு சொல்வதால் கால்வாயைத் தூர்வாரும் வேலையையும் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டார்கள். வெள்ளம் வந்த அன்றைக்கே விதைப்பேன் என்று எழுதச் சொன்ன முதியவரின் வயல் அந்தப் பக்கம்தான்.

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்த நாட்களில் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அவள் அம்மா ஒருநாள் சருவம் நிறைய மீனோடு அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தார். அந்த ஊரில் ஒரு பெண் வாசலிலேயே நிறுத்தி, ஒன் மவ எழுதிக் குடுத்துத்தான் எங்க வயலு போச்சு, இனி இந்த நடையில ஏறாத என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த வீட்டிலும் கதவு திறக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் என் வீட்டுக்கு வந்தாள். நோட்டையும் என் அச்சுப் பிரதியையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். விரலால் ஒன்றைத் தொட்டு, பிறகு மற்றதைத் தொட்டாள்.

"இஞ்ச மூணு பூ, சார். இஞ்ச மூணு வருசம்."

கைப்பிழையாக இருக்கும் என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அவள் கேட்டது ஒன்றுதான். தலைப்பு மாறிப்போயிற்று, மாற்றி எழுதியவன் நான் என்று ஒரு கடிதம். அது இருந்தால் பல்கலைக்கழகத்தில் திருத்த விடுவார்கள், தேர்வு நடக்கும். அதே கடிதத்தை வைத்துச் சாலைக்கு எதிராக அந்த ஊர்க்காரர்களும் மனுப்போடலாம். அவள் அம்மா பழையபடி அந்த நடைகளில் ஏறலாம்.

"நாளைக்கு வா, மக்கா. எழுதி வைக்கேன்" என்றேன்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. அதற்கு அடுத்த நாள் பூதப்பாண்டியில் கோயில் காரியம் என்று போய்விட்டேன். நான்காம் தடவை வந்தபோது நான் உள் அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி வெளியே போய், அவர் இல்லை என்று சொன்னாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். இரு, வெயிலாறப் போகலாம் என்று தானே சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைக்கு மோர் கொடுத்தாள். அவள் முன்னறையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருமலை அடக்கிக்கொண்டிருந்தேன்.

"சார் பேரச் சொல்லிரு மக்கா. நீயே எழுதிக் குடுத்துரு" என்று என் மனைவி தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது.

"அது முடியாதம்மா. சார் சொல்லாதத அவியோ சொன்னதா நான் எப்பிடி எழுதுவேன்?"

அவள் போன பிறகு என் மனைவி அறைக்குள் வந்து, ஒரு தாளுதானே, எழுதிக் கொடுத்தால் என்ன என்று கேட்டாள். உனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். எனக்கு என்ன பயம் என்று இன்றுவரை எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சிறைக்கெல்லாம் போயிருக்க மாட்டேன். அந்த அறையும் பெயர்ப் பலகையும் போயிருக்கும். முப்பத்துநான்கு வருடம் கறையில்லாமல் வேலை பார்த்தவர் என்று சொல்கிறார்களே, அது போயிருக்கும்.

தேர்வுக்கு முன்னால் அவளே பல்கலைக்கழகத்துக்கு எழுதினாள். பின்னிணைப்பில் உள்ளது தவறு, பூ என்பது ஆண்டு என்று ஆகிவிட்டது என்று. எப்படி ஆயிற்று, யார் செய்தது என்று கேட்டார்கள். மொழிபெயர்க்கும்போது நேர்ந்தது, நான் சரிபார்க்கவில்லை என்று பதில் கொடுத்தாள். ஆதாரமில்லாத திருத்தத்தை ஏற்க முடியாது, மறுபடி எல்லா வீட்டுக்கும் போய்க் கேட்டுக் கையெழுத்து வாங்கி வா என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் உண்டு. அவள் மறுபடி போனாள். எந்த வீட்டுப் பின்பக்கமும் அவளுக்குத் திறக்கவில்லை. கையெழுத்துக் கேட்டால் யார் போடுவார்கள்? ஒருதடவை வாயால் சொன்னதற்கே வயல் போயிற்றே. ஆனாலும் அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்று, நடந்தது இது, தப்பு என் தாளில்தான் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள் என்று கேள்விப்பட்டேன். என் பெயரை எங்கேயும் சொல்லவில்லை.

பட்டம் அதோடு நின்றது. அவள் இப்போது கடற்கரை ஊரில் ஓர் இ-சேவை மையத்தில் இருக்கிறாள். முதியோர் உதவித்தொகைக்கும் சாதிச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் நிரப்புகிற வேலை. அவளிடம் போனால் நேரமாகும், எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிக்கொண்டிருப்பாள் என்று எங்கள் தெருவில் ஒருவர் குறைப்பட்டார்.

அவள் அம்மாவை நான் ஒருதடவை கருங்கல் சந்தையில் பார்த்தேன். பழைய ஊர்களில் விற்க முடியாமல்போனதால் இரண்டு பஸ் மாறி அவ்வளவு தூரம் வந்து விற்கிறார். எனக்கு அவரைத் தெரியும், அவருக்கு என்னைத் தெரியாது. "நல்ல சாளை சார், காலத்த வலையில பட்டது, பாத்து எடுங்க" என்றார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். வாங்கியிருக்கலாம். அதுகூடச் செய்யவில்லை.

போன வருடம் என் மனைவி இறந்தாள். இறப்பதற்கு முன் ஒரு மாலையில், அந்தப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டாள். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இனி எதற்கு என்றேன். அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மனைவி இறந்து சில மாதங்கள் கழித்து, நகரத்தின் புதிய வளர்ச்சித் திட்ட வரைவைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லும் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பழைய அதிகாரி என்ற முறையில் எனக்கும் அழைப்பு வந்திருந்தது. தாமதமாகப் போனதால் பின்வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் இருந்த அதிகாரி ஒருகாலத்தில் என்னிடம் வேலை கற்றவர். பக்கத்துச் சுவரில் பெரிய வரைபடம் தொங்கியது. கடைவரம்பில் மீதமிருந்த வயல்களுக்கும் மஞ்சள் அடித்திருந்தார்கள்.

அவள் பத்துப் பதினைந்து பேரோடு வந்திருந்தாள். அந்த ஊர்க்காரர்கள்தான். எப்போது மறுபடி அவளிடம் பேசத் தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த முதியவர் இல்லை. அவருடைய மகன் போலிருந்த ஒருவர் நின்றார். அவள் முன்னால் போய், சாலைக்கு அடியில் ஒரு குழாய்ப் பாலம் போட்டால் தண்ணீர் அந்தப் பக்கம் போகும், அங்கே மஞ்சள் வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னாள். எந்த மட்டத்தில் எந்த அளவில் பாலம் வேண்டும் என்றும் சொன்னாள். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவளைக் கவனித்தார்.

"நீங்க பிளானிங் படிச்சவங்களா?"

"எம்.பிளான் படிச்சேன் சார். முடிக்கல்ல."

"ஏன்?"

"நான் குடுத்த கணக்குல ஒரு தப்பு இருந்துது. திருத்த முடியல்ல."

"எந்த ஏரியா கணக்கு?"

"இதே வயலுக்க கணக்குதான் சார்."

மண்டபத்தில் எங்கோ ஒருவர் சிரித்தார். அதிகாரி குற்றமாக எதுவும் சொல்லவில்லை. அப்படியென்றால் இதையும் நாங்கள் எப்படி எடுத்துக்கொள்வது அம்மா என்று மட்டும் கேட்டார். அவளோடு வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் என்னிடம் இருந்தது.

நான் எழுந்தேன். சொல்லத்தான் எழுந்தேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நாற்காலி தரையில் உரசிய சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள். அவளும் திரும்பினாள். என்னைக் கண்டாள்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "சார், நீங்க பின்னாலயா இருக்கீங்க? எங்களுக்குத் தெரியாமப் போச்சே. மேல வாங்க சார்" என்றார். யாரோ மேடையில் அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். இன்னொருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நடுப்பாதையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். வயதானவர் போகட்டும் என்று ஒதுங்கி வழி விட்டாள்.

நான் ஏறிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.